ஏழு குறுக்கு

ஜெசிந்தா போட்ட கட்டத்தில் பன்னிரண்டு வருடத்தில் ஒரு எழுத்துகூடப் பிசகியதில்லை. சும்மா பெருமைக்குச் சொல்வதில்லை. 'குறுக்கும் நெடுக்கும்' இணைய மன்றத்தில் போய்ப் பார்த்தால் தெரியும், நாலாயிரத்துச் சொச்சம் கட்டங்கள் அப்படியே கிடக்கின்றன. தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு குறுக்கெழுத்துப் புதிர். மழை, புயல், கரண்ட் இல்லை, உடம்பு சரியில்லை, எதற்கும் லீவு கிடையாது. மாமியார் செத்த அன்றைக்குக்கூட ஆறு மணிக்குக் கட்டம் ஏறிவிட்டது. அதற்காக அவள் புருஷன் தேவசகாயம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவளுக்குத் திண்டிவனத்தில் தாலுகா ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை. பட்டா மாற்ற மனு, வாரிசுச் சான்றிதழ் மனு என்று டைப் அடித்துக் கொடுப்பாள். முன்பெல்லாம் தமிழ் எம்.பில். படித்த பிள்ளைகள் ஆய்வேட்டைக் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அடித்து, பிழை திருத்தி, பைண்டிங் போட்டுக் கொடுத்தாள். அவர்கள் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்கள், வார்த்தைகள் எல்லாம் இவளிடமே தங்கிவிட்டன. அந்த வார்த்தைகளை என்ன செய்வது என்று தெரியாமல்தான் 2012இல் இந்த மன்றத்தை ஆரம்பித்தாள்.

இது வாரப் பத்திரிகையில் வரும் 'காளையின் எதிர்ப்பால்' வகைக் குறுக்கெழுத்து இல்லை. குறிப்பே ஒரு கண்ணாமூச்சி. 'விளக்கின் தலையைத் தட்டினால் எறியக் கிடைக்கும் (2)' என்று இருக்கும். அகல் என்பதில் அகரத்தைத் தட்டிவிட்டால் கல். அடைப்பில் இருப்பது எழுத்தின் எண்ணிக்கை. கண்டுபிடித்தவனுக்கு அன்றைக்குச் சோறு தண்ணி வேண்டாம். இதற்காகவே சென்னை, மதுரை, சிங்கப்பூர் என்று மூவாயிரம் பேருக்கு மேல் சேர்ந்திருந்தார்கள்.

மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம். விடையை வெளியே சொல்லக் கூடாது. 'ஏழு குறுக்கு வந்துவிட்டது, பிரமாதம்' என்று எழுதலாம். விடையை மட்டும் அவளுக்குத் தனிச்செய்தியில் அனுப்ப வேண்டும். இரவு எட்டு மணிக்கு அவளே திறந்து காட்டுவாள். ஒருமுறை ஒரு வங்கி மேனேஜர் பொதுவில் விடையை உளறிவிட்டார். ஆள் பெரிய ஆளாயிற்றே என்றெல்லாம் அவள் பார்க்கவில்லை, ஒரு வாரம் வெளியே நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறந்ததில்லை.

மன்றத்தில் அவள் பெயர் 'கட்டக்காரர்'. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் யாருக்கும் தெரியாது. யாரோ ஒரு ரிட்டயரான தமிழ்ப் பேராசிரியர் என்று அவர்களாக முடிவுகட்டி, 'கட்டக்காரர் ஐயா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவளும் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த 'ஐயா' அவளுக்குப் பிடித்திருந்தது. கடையில் நாள் முழுக்க 'ஏம்மா, இன்னும் அடிக்கலியா, ஜல்தியா அடிம்மா' என்று கேட்ட காதுக்கு அது வேண்டியிருந்தது.

மன்றத்தில் அவளுக்கு அடுத்தபடி பாண்டுரங்கன். விழுப்புரத்தில் தமிழாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். நான்காம் வருடம் வந்து சேர்ந்தார், சொந்தப் பெயரிலேயே எழுதினார். ஆள் எழுத்துப் பிழையில் புலி. மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் யாராவது இரண்டு சுழி போட்டால் பாய்ந்து பிடுங்கிவிடுவார். 'கட்டக்காரர் ஐயா அவர்களின் தமிழுக்கு அடியேன் அடிமை' என்று அவர் எழுதாத வாரம் கிடையாது. ஜெசிந்தாவே அவருக்கு நிர்வாகி அதிகாரம் கொடுத்தாள். யார் பதிவையும் திருத்தலாம். தன் பதிவையுமா என்று அவள் அன்றைக்கு யோசிக்கவில்லை.

பன்னிரண்டாம் ஆண்டு விழாவை விழுப்புரத்தில் நேரில் வைப்பது என்று பேச்சு வந்தபோது பாண்டுரங்கன்தான் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார். 'இம்முறையாவது ஐயா மேடையேறித் தரிசனம் தர வேண்டும்' என்று எழுதினார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அவள் தன் போன் நம்பரை அனுப்பினாள். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"வணக்கம், கட்டக்காரர் ஐயாங்களா?"

"நான்தாங்க ஐயா. எம் பேரு ஜெசிந்தா."

முதலில் "ஆங்?" என்றார். பிறகு பெரிய சிரிப்பு. "அட, அம்மாவா! இத்தினி வருஷமா எங்கள ஏமாத்திக்கினு இருந்திருக்கீங்களே! ரொம்ப சந்தோஷம்ங்க, ரொம்ப சந்தோஷம். ஊரு எதுங்க?"

"கடை திண்டிவனங்க. ஊரு நெடிமேடு. கூட்டேரிப்பட்டுலேர்ந்து உள்ள போவணும்."

"நெடிமேடா! எங்க சின்ன மச்சான் அங்கதான் பொண்ணு எடுத்திருக்காரு. ஊர்ல எந்தத் தெருங்க?"

"ஊர்ல இல்லைங்க ஐயா. காலனி."

"ஓகோ" என்றார் பாண்டுரங்கன். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரிம்மா. நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் கவலப்படாத, வந்து சேரு."

போனை வைத்த பிறகும் அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எத்தனை 'ங்க' போட்டார் மனுஷன்! ஒரு தெருவின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாம் உதிர்ந்துவிட்டதே. சென்னைக்காரனுக்குக் காலனி என்றால் பங்களாவும் பூங்காவும். இந்தப் பக்கத்தில் ஊர் என்றால் ஊர், காலனி என்றால் சேரி. அதைப் பாண்டுரங்கனுக்கு யாரும் அகராதி வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டில் தேவசகாயம் கேட்டுவிட்டு, சாப்பிட்ட தட்டிலேயே கையைக் கழுவினான். அவன் எலக்ட்ரீசியன், ஊர்த்தெருவில் எத்தனையோ வீட்டுக்கு ஒயரிங் செய்தவன். "போவாத ஜெசி" என்றான். "கம்பூட்டருக்குள்ள இருக்கற வரிக்கும் நீ ஐயா. வெளிய வந்தியானா நீ நெடிமேடு காலனி. எதுக்கு இந்தப் பேஜாரு?"

"பன்னெண்டு வருஷம்ங்க" என்றாள். "ஒரே ஒரு வாட்டி மைக்குல எம் பேரச் சொல்லட்டும். இந்தக் கட்டமெல்லாம் போட்டது இவதான்னு சொல்லட்டும். அது போதும் எனக்கு."

விழாவில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து போடுவதற்கு ஒரு சிறப்புப் புதிர் தயார் செய்தாள். பதினைந்து நாள் உழைப்பு. அதில் ஏழு குறுக்குக்கு அவள் எழுதிய குறிப்பு இது: 'எமன் "இ" என்று பல்லைக் காட்டினால் ஊருக்கு வெளியே ஓர் ஊர் (3).' எமன் காலன். காலனோடு இ சேர்ந்தால் காலனி. குறும்புதான். பாண்டுரங்கனுக்காகவே வைத்தாள் என்றாலும் தப்பில்லை. அந்தக் கடைசி எழுத்தான 'னி', மூன்று நெடுக்கில் வரும் 'பங்குனி'க்கும் கடைசி எழுத்து. அச்சடிப்பதற்காக நிர்வாகிகள் மட்டும் பார்க்கும் பகுதியில் ஏற்றிவிட்டு, கடையைப் பூட்டிக்கொண்டு போய் ஒரு பட்டுப் புடவை எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் பஸ் ஏறி, விழுப்புரத்தில் கல்யாண மண்டபத்துக்கு ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டாள். வாசலில் பாண்டுரங்கன் வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார். கும்பிட்டாள். அவரும் பாதிக் கையைத் தூக்கினார்.

"வந்துட்டியாம்மா? நல்லதாப் போச்சு. இந்த வரவேற்பு டேபிள்ல ஒக்காந்துக்க. பேர் எழுதின அட்டைய எடுத்து எடுத்துக் குடு. பொம்பளைங்க யாராச்சும் இருந்தா நல்லாருக்கும்னு இப்பதான் நெனச்சிக்கினு இருந்தேன்."

எண்பது அட்டைகள் இருந்தன. அவள் பெயர் போட்ட அட்டை இல்லை. இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள். மேடைக்குக் கூப்பிடும்போது சொல்வாராக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். மனசுக்கு ஏது வெட்கம், எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்கிறது.

சென்னையிலிருந்து வேணி என்கிற பெண் வந்தாள். வங்கியில் வேலை, மன்றத்தில் தினமும் முதல் ஆளாக விடை அனுப்புகிறவள். "ஹலோ! கட்டக்காரர் சார் வந்துட்டாரா? எங்க உக்காந்திருக்காரு? செல்ஃபி எடுக்கணும்" என்று மூச்சு வாங்கக் கேட்டாள். ஜெசிந்தா அவள் அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்து, "இப்ப மேடையில சொல்லுவாங்க" என்றாள்.

மேடையில் சொன்னார்கள். பாண்டுரங்கன் மைக்கைப் பிடித்து, வள்ளுவரிலிருந்து ஆரம்பித்து, ஒரு வழியாக விஷயத்துக்கு வந்தார். "கட்டக்காரர் யார், கட்டக்காரர் யார் என்று எல்லோரும் கேட்கிறீர்கள். இன்று அந்த ரகசியத்தை உடைக்கிறேன். கட்டக்காரர் என்பது ஒரு தனி மனிதர் அல்ல. அது ஒரு கூட்டு உழைப்பு. நீங்கள், நான், நாம் எல்லோரும்தான் கட்டக்காரர்!"

மண்டபமே கைதட்டியது. முன்வரிசையிலிருந்து ஒருவர், "ஐயாவுக்கு எவ்ளோ தன்னடக்கம் பாத்தீங்களா" என்று சத்தமாகவே சொன்னார். கூட்டு உழைப்பாம். எந்தக் கூட்டு? மாமியாரைக் கிடத்திவைத்திருந்த விடியலில் மொபைலில் கட்டம் ஏற்றியபோது எந்தக் கூட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தது? சால்வையைக் கொண்டுவந்து பாண்டுரங்கன் தோளில் போர்த்தினார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று கையாட்டிக்கொண்டே குனிந்து கொடுத்தார்.

ஜெசிந்தா எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். அதற்குள் புதிர்த்தாளை விநியோகித்துவிட்டார்கள். தன் கட்டத்தையாவது ஜனங்கள் போடுவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு தாளை வாங்கினாள். கண் நேராக ஏழு குறுக்குக்குப் போயிற்று.

'காலில் போடுவது, வாசலில் விடுவது (3).'

அவள் எழுதிய குறிப்பு அங்கே இல்லை. காலனி இருந்த இடத்தில் பாண்டுரங்கன் காலணியை வைத்திருந்தார். இரண்டு சுழிக்குப் பதிலாக மூன்று சுழி. அவள் குடியிருக்கும் இடத்தைத் தூக்கிவிட்டு, அதே மூன்று கட்டத்தில் ஒரு ஜோடிச் செருப்பைப் போட்டிருந்தார் மனுஷன்.

ஆனால் ஒன்று, பாண்டுரங்கன் பிறத்தியார் கட்டத்தில் பிழை பிடித்தாரே தவிர, தானாக ஒரு கட்டம் போட்டவர் இல்லை. போட்டவளுக்குத்தான் தெரியும், ஒரு எழுத்தைத் தொட்டால் அங்கே குறுக்கே போகும் இன்னொரு வார்த்தை உடைந்துபோகும் என்று. பத்து நிமிடத்தில் மண்டபத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. வேணி எழுந்து நின்றாள்.

"சார், மூணு நெடுக்கு பங்குனிதானே? 'தலை போன தனி, முன்னால் பங்கு கேட்கும் மாதம்.' அதுக்கு ரெண்டு சுழி னி. ஆனா ஏழு குறுக்கு காலணின்னு வருது, அதுக்கு மூணு சுழி. ரெண்டுக்கும் ஒரே கட்டம். எப்படி சார்?"

பாண்டுரங்கன் தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எழுத்துப் பிழைப் புலி, எண்பது பேர் முன்னால் ணகரத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. முகம் கறுத்துப்போய், கண்கள் மண்டபத்தைச் சுற்றிவந்து வரவேற்பு மேசையில் நின்றன.

"ஒண்ணுமில்ல, டைப்பிங் மிஸ்டேக்" என்றார் மைக்கில். "நமக்கு டைப் பண்ணிக் குடுக்கற பொண்ணு, ஜெசிந்தா, அதோ அங்கதான் ஒக்காந்திருக்கு. பாவம், ஏதோ கை தவறிப்போச்சு. பெரிய மனசு பண்ணி எல்லாரும் மன்னிச்சிடலாம்."

எண்பது தலை திரும்பியது. அவள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மைக்கில் அவள் பெயரைச் சொல்லிவிட்டார்கள்.

ஜெசிந்தா எழுந்தாள். "அது செருப்பு இல்லைங்க ஐயா" என்றாள். "நான் போட்டது காலனி. ரெண்டு சுழி. 'எமன் "இ" என்று பல்லைக் காட்டினால் ஊருக்கு வெளியே ஓர் ஊர்.' காலன், இ, காலனி. பங்குனியோட சரியா ஒக்காரும். போட்டுப் பாருங்க."

"அடடா!" என்று கத்திவிட்டாள் வேணி. சென்னைக்காரர்கள் நாலைந்து பேர் சிரித்துக் கைதட்டினார்கள். மதுரைப் பக்கத்தில் ஒருவர், "எமன் பல்லைக் காட்டுறானா, ஆகா" என்றார். உள்ளூர்க்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. விழுப்புரம், விக்கிரவாண்டி, செஞ்சி, பண்ருட்டி என்று வந்தவர்கள் எல்லோரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விடை புரிந்துவிட்டது அவர்களுக்கு. போட்டது யார் என்பதும் புரிந்துவிட்டது. கைதட்டியவர்கள் இவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னவோ ஏதோ என்று அவர்களும் கையை இறக்கிக்கொண்டார்கள்.

"சரிம்மா, ஒக்காரு" என்றார் பாண்டுரங்கன். "சாப்பாடு ரெடி. எல்லாரும் கீழ போலாம்."

படிக்கட்டில் அவளை ஓரமாக நிறுத்தினார். "உன் நல்லதுக்குத்தாம்மா மாத்தினேன். நாலு பேரு சந்தோஷமா கூடியிருக்கற எடத்துல அந்த வார்த்த எதுக்கு? உன்ன யாராச்சும் ஒரு மாதிரி பாத்துட்டா? நான் உனக்கு நல்லதுதான் பண்ணேன்."

"இத்தினி வருஷமா என் தமிழுக்கு அடிமைன்னு எழுதினீங்களே ஐயா" என்றாள். "அது எந்தத் தெருத் தமிழுன்னு அப்ப கேக்கலியே?"

அவர் சால்வை நழுவியது, சரிசெய்துகொண்டு இறங்கிப்போனார். அவள் சாப்பிடாமலே பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கட்டம் போடவில்லை, பதிவு ஒன்று போட்டாள். தன் பெயர், தன் ஊர், பன்னிரண்டு வருடமாகக் கட்டம் போடுவது தான் என்பது, ஏழு குறுக்குக்குத் தான் எழுதிய குறிப்பு, அதன் கீழே மன்றத்தின் கணினி தானாகவே குறித்துவைத்திருந்த வரி: 'கடைசியாகத் திருத்தியவர்: பாண்டுரங்கன்.' அவ்வளவுதான். ஒரு வசவு இல்லை, ஒரு ஆச்சரியக்குறிகூட இல்லை.

ஒன்பது மணிக்குள் அறுபது மறுமொழி வந்துவிட்டது. 'ஒரு எழுத்துக்காக ஒரு பெரியவரை அவமதிக்கலாமா?' 'நல்ல விழாவைக் கெடுத்துவிட்டீர்கள்.' 'தயவுசெய்து இங்கே சாதியைக் கொண்டுவராதீர்கள், இது தமிழுக்கான இடம்.' கடைசியாகச் சொன்னதற்கு நாற்பது பேர் விருப்பம் போட்டிருந்தார்கள். தன் பதிவை அவள் மேலிருந்து கீழே படித்துப் பார்த்தாள். சாதி என்ற சொல்லே அதில் இல்லை. அவள் எழுதாத சொல்லை இவர்கள் எங்கிருந்து எடுத்தார்கள்? குறிப்பைப் பார்த்தே விடை கண்டுபிடிக்க அவள்தானே சொல்லிக்கொடுத்தாள், நன்றாகத்தான் தேறியிருக்கிறார்கள்.

அடியில் யாரோ கேட்டிருந்தார்கள்: 'அதெல்லாம் இருக்கட்டும், இன்றைய கட்டம் எங்கே?'

எரிச்சலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கட்டம்தானே வேண்டும்? போட்டாள். மூன்றே மூன்று வெள்ளைக் கட்டம். 'எமன் "இ" என்று பல்லைக் காட்டினால் ஊருக்கு வெளியே ஓர் ஊர் (3).' அதன் கீழே எழுதினாள்: 'இன்று முதல் சட்டம் மாறுகிறது. விடையைத் தனிச்செய்தியில் அனுப்பக் கூடாது. எல்லோரும் பார்க்க, இங்கேயே, உங்கள் பெயரோடு எழுத வேண்டும். ஒருவர் எழுதினாலும் போதும், அடுத்த கட்டம் வரும்.'

மனுக்காரர்கள் வந்தார்கள், போனார்கள். டைப் அடித்துக்கொண்டே நடுவில் நடுவில் எட்டிப் பார்த்தாள். மதியத்துக்குள் ஆயிரத்து நூறு பேர் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தார்கள். கீழே ஒரு மறுமொழிகூட இல்லை. வேணியின் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எழுது, நீயாவது எழுது என்று அவள் வாய்விட்டே சொன்னாள். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

மூன்று மணிக்குத் தனிச்செய்திப் பெட்டியில் வேணி வந்தாள். 'காலனி. கரெக்டா மேடம்? நேத்து எனக்கு ஒண்ணும் புரியல. நாங்களும் காலனியிலதான் இருக்கோம், இதுல என்னன்னு நெனச்சேன். அப்புறம்தான் ஒருத்தர் போன்ல சொன்னாரு. வெளிய போட்டா தேவையில்லாம பிரச்சினை ஆகும்னாரு. அதான் இங்க அனுப்புறேன். நீங்கதான் பெஸ்ட் மேடம்.' அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தது. சிங்கப்பூரிலிருந்து, மதுரையிலிருந்து, விழுப்புரத்திலிருந்துகூட நாலு பேர். 'காலனி.' 'காலனி. அருமையான குறிப்பு.' 'காலனி, ரெண்டு சுழி. என் பெயர் வெளியே தெரிய வேண்டாம்.'

சாயங்காலம் வேலை முடிந்து அவளைக் கூட்டிப்போக தேவசகாயம் வண்டியில் வந்தான். கடை வாசலிலேயே நின்று, "இன்னா, யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டான்.

அவள் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தாள். "எல்லாருக்கும் விடை தெரியுதுங்க" என்றாள். "தப்பில்லாம எழுதுறாங்க. எங்கிட்ட மட்டும்."